பால்மாப் பை கடலுக்குப் போகிறது

கொழும்பிலிருந்து எங்கள் மாவட்டத்துக்குப் பொருள் அனுப்பும் நிறுவனங்களின் சந்தைப்படுத்தல், விளம்பரப் பிரிவுகளில் பணியாற்றும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலை நகரில் ஒரு சில்லறைக் கடை நடத்துகிறேன். அப்பா தொடங்கிய கடை. அவருடைய கண்பார்வை மங்கிய பிறகு, இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் சவர்க்காரமும் பால்மாவும் பிஸ்கட்டும் தேயிலையும் என் கை வழியாகத்தான் இந்தத் தெருவின் அடுப்படிகளுக்குப் போகின்றன. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நிறுவனத்துக்காக நுகர்வோர் கருத்துக் கேட்க ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை. வெயிலில் வியர்த்து வழிந்து நின்றவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்துவிட்டு, கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னேன். "இந்தப் பொதியின் வடிவமைப்பு உங்களுக்கு எவ்வளவு திருப்தி தருகிறது? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்." நான்கு என்றேன். அந்த நேரத்தில்தான் கரையிலிருந்து வந்த ஒரு மீனவர் மேசையில் கையூன்றி, "அக்கா, வெறும் பால்மாப் பை கிடக்கிறதா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை உதறினார். வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். ஓட்டை இல்லை என்று தெரிந்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தம்பி திரையிலிருந்து தலை தூக்கவில்லை. அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அவருக்கு அடுத்த கேள்விக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் அந்த நிறுவனம் இத்தனை செலவு செய்து தேடிவந்த பதில், கடைக்குள் வந்து, பையை வாங்கிக்கொண்டு, வெளியே நடந்துவிட்டது.

அந்தப் பை எங்கே போகிறது என்று சொல்கிறேன். இரவில் வலை போடப் போகும் வள்ளத்தில் எல்லாமே நனையும். நனையக் கூடாதவை சில உண்டு: தொலைபேசி, தீப்பெட்டி, பீடிக்கட்டு, பிரஷர் மாத்திரை அட்டை. பால்மாப் பையின் உட்புறத்துப் பளபளப்பான தாள் ஈரத்தை உள்ளே விடாது. எங்கள் மீனவர்கள் இவை எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, வாயை மூன்று மடிப்பாக மடித்து, சைக்கிள் டியூப்பில் வெட்டியெடுத்த வளையத்தால் இறுக்கி, இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனால் கரைக்குச் சொல்ல அந்தத் தொலைபேசி ஒன்றுதான் துணை. பால் கட்டிபடாமல் இருக்க நீங்கள் போட்ட ஒட்டு, ஒரு வீட்டின் ஆண்மகனைக் கரைசேர்க்கும் ஒட்டாகவும் இருக்கிறது. இது உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா?

தெரிந்திருந்தால், அந்தப் பைக்குத் திரும்பத் திரும்ப மூடக்கூடிய ஒரு வாய் வைத்திருப்பீர்கள். பாலுக்கும் அது நல்லது, கடலுக்கும் நல்லது. நான் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் பொருள் விற்றுமுடிந்த பின் எங்கள் கைகளில் என்ன ஆகிறது என்பதை வந்து பாருங்கள். புத்தாக்கம் என்று நீங்கள் மாநாட்டு மண்டபங்களில் தேடுவது இங்கே தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீடுகளில் அரிசி அளப்பது ரின்பால் பேணியால். அம்மா எனக்குச் சொல்லித்தந்த எந்தச் சமையலிலும் கிராம் கணக்கு இல்லை. "இரண்டு பேணி பச்சையரிசி, அரைப் பேணி வறுத்த பயறு" என்றுதான் பொங்கல் தொடங்கும். ரின்பாலைக் குடித்து முடித்த பிறகு அந்தத் தகரம் இருபது ஆண்டுகள் அரிசி மூட்டைக்குள் வாழ்கிறது. எந்த விளம்பரமும் போட்டு இந்த இடத்தைப் பிடித்திருக்க முடியாது. (அந்தப் பேணியின் அளவை என்றாவது மாற்ற நினைத்தால், தயவுசெய்து முதலில் ஒரு சமையலறையில் கேளுங்கள்.) பிஸ்கட் ரின்னும் அப்படித்தான். எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அப்பாவும் அம்மாவும் எடுத்துக்கொண்ட ஒரே கலியாணப் படம் எல்லாம் ஒரு சதுர பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தன. இடம்பெயர வேண்டிவந்த ஒவ்வொரு முறையும் அம்மா முதலில் கையில் எடுத்தது அதைத்தான். 2004 டிசம்பர் 26 காலையில், கடல் தெருவுக்குள் வருகிறது என்ற சத்தம் கேட்டு ஓடியபோதும் அதை இடுக்கிக்கொண்டுதான் ஓடினார். மூடியில் இருந்த ரோசாப்பூப் படம் இன்று தேய்ந்துவிட்டது. ரின் இருக்கிறது. உறுதியும் இருக்கிறது.

இப்படிப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். ஜப்பானில் 1958-இல் உடனடி நூடுல்ஸைச் செய்த மொமொஃபுகு ஆண்டோ, 1966-இல் அதை விற்க அமெரிக்கா போனார். அங்கே கடைக்காரர்களிடம் சாப்பிடக் கிண்ணமும் இல்லை, குச்சியும் இல்லை. அவர்கள் நூடுல்ஸை உடைத்துக் காகிதக் கோப்பையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, முள்கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்கள். "அப்படி அல்ல, இப்படித்தான் சாப்பிட வேண்டும்" என்று அவர் திருத்தவில்லை. பார்த்துக்கொண்டு வந்தார். 1971-இல் கோப்பை நூடுல்ஸ் வந்தது. சீனாவின் ஹையர் நிறுவனத்திடம் 1996-இல் சிச்சுவான் மாகாணத்து விவசாயி ஒருவர், சலவை இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்று முறையிட்டார். போய்ப் பார்த்தால் அவர் அதில் வற்றாளங்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தார். இயந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் 1998-இல் துணியோடு கிழங்கும் கழுவக்கூடிய, அகலக் குழாய் வைத்த இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் மொழி பேசும் ஊரிலும் ஒருவர் இருந்தார். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர், செல்வந்தர் வாங்கும் பொருள் ஏழையின் கைக்கும் எட்ட வேண்டும் என்று ஷாம்பூவைச் சிறு பைகளில் அடைத்தார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் தனியாகத் தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்பூவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். அவருடைய ஆட்கள் ஊருக்குள் போய், ஒரு சிறுவனை முன்னால் அழைத்து, எல்லார் கண்முன்னும் தலை கழுவி, "தொட்டுப் பாருங்கள்" என்றார்கள். எந்த நிறுவனத்தின் வெற்றுப் பையாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு 'சிக்' பை இலவசம் என்றும் ஒரு திட்டம் வைத்தார்கள். ஷாம்பூ வாங்க முடிந்தவர்கள் யார், எந்த வீட்டில் எத்தனை தலை என்பது அந்த வெற்றுப் பைகளிலேயே இருந்தது. காகிதப் படிவத்தை நிரப்பச் சொல்லி யாரையும் அவர்கள் தொந்தரவு செய்யவில்லை.

ஆனால் அந்தச் சிறு பையின் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். கடையைக் கூட்டுபவள் நான்தானே. மாரி மழை பிடித்ததும் எங்கள் தெரு வாய்க்கால் முதலில் அடைபடுவது இந்தப் பைகளால். அடைப்பை நீக்கினால் அவை கடலுக்குப் போகும். கரைவலை இழுப்பவர்கள் மீனோடு சேர்த்து அவற்றையும் இழுத்துக் கொண்டுவருவார்கள். உணவும் மருந்தும் தவிர்ந்த பொருள்களுக்கு, 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமும் அதற்குக் குறைந்ததுமான பொதிகளை அரசு 2021 மார்ச் 31 முதல் தடை செய்தது. அது தேவையான முடிவு, நான் வரவேற்றேன். ஆனால் தடை பையை மட்டும்தான் நிறுத்தச் சொன்னது. நாளாந்தக் கூலி வாங்கும் ஒரு பெண், வெள்ளிக்கிழமை ஒரு தலை முழுகுவதற்கு வேண்டிய அளவை மட்டும் வாங்க நினைப்பதை எந்தச் சட்டமும் நிறுத்த முடியாது. அவளிடம் பெரிய போத்தலுக்குப் பணம் இல்லை. அது இன்றைக்கும் நாளைக்கும் இருக்கப்போகும் உண்மை.

இதற்கான விடை அப்பாவின் காலத்திலேயே இந்தக் கடையில் இருந்தது. தேங்காய் எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆள்கள் போத்தலோடுதான் வருவார்கள். சிலர் கழுத்தில் கயிறு கட்டிய போத்தல், சிலர் சாராயப் போத்தல், சின்னப் பிள்ளைகள் மருந்துப் போத்தல். அப்பா புனலை வைத்து, அளவுக் கரண்டியால் கேட்ட பணத்துக்கு ஊற்றிக் கொடுப்பார். ஒரு துளி தரையில் விழாது. கடைசியில் கரண்டியின் விளிம்பை போத்தல் வாயில் தட்டி, ஒட்டியிருப்பதையும் அவர்களுக்கே விடுவார். இன்றும் பலர் தேங்காய் எண்ணெய்க்கு அப்படித்தான் வருகிறார்கள். ஷாம்பூவுக்கும் பாத்திரம் கழுவும் திரவத்துக்கும் ஏன் அது முடியாது? முத்திரை வைத்த பெரிய கானைக் கடைக்கு அனுப்புங்கள். ஒரு அழுத்துக்கு இவ்வளவு என்று அளவு மாறாத குழாயை வையுங்கள். கலப்படம் செய்ய முடியாதபடி பூட்டுங்கள். பூட்டைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை, நம்பிக்கைக்கு அது உதவும். போத்தலை அவர்கள் கொண்டுவருவார்கள். பழக்கம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கற்பிக்க வேண்டியது எதுவும் இல்லை.

2022-ஐப் பற்றியும் பேச வேண்டும். அந்த ஆண்டை நீங்கள் விற்பனை அட்டவணைகளில் பார்த்திருப்பீர்கள். நான் முகங்களில் பார்த்தேன். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த எண் என் மேசையில் எப்படி வந்தது என்றால், 400 கிராம் பால்மா வாங்கியவர் பாதி கேட்டார், பாதி கேட்டவர் ஒரு சரை கேட்டார். பழைய கொப்பித் தாளில் சரை சுற்றி, ஐந்து கரண்டி, ஆறு கரண்டி என்று கொடுத்தேன். முட்டையை ஒவ்வொன்றாக விற்றேன். துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டையை நூலால் வெட்டி மூன்றாக்கினேன். வாங்குபவர் வெட்கப்படக் கூடாது என்பதற்காக, வேறு ஆள் நிற்கும்போது, "உங்களுக்கு எடுத்து வைத்தது இருக்கிறது" என்று சொல்லி உள்ளே இருந்து கொண்டுவந்து கொடுப்பேன்.

அந்த மாதங்களில்தான் ஒரு பிஸ்கட் பொதியின் எடையைக் குறைத்தார்கள். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. விலை அதே, உறை அதே, படம் அதே. எடையைக் குறிக்கும் எண் மட்டும் பின்பக்கத்து மடிப்பில் மாறியிருந்தது. நான் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தது எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டின் மூத்தவள், பத்து வயது. ஒவ்வொரு மாலையும் ஒரு பொதியைத் தனக்கும் தம்பிமாருக்கும் சரியாகப் பங்கிடுவாள். ஒருநாள் பொதியோடு திரும்பி வந்தாள். "அன்ரி, ஒரு பிஸ்கட் குறைகிறது. கடையில் யாராவது எடுத்தார்களா?" கோபத்தில் கேட்கவில்லை. தம்பிக்கு ஒன்று குறைந்துவிட்டது என்ற கவலையில் கேட்டாள். நான் இன்னொரு பொதியைப் பிரித்து எண்ணினேன். அதிலும் அதே கணக்கு. அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். மாவும் சீனியும் எரிபொருளும் விலை ஏறிய காலம் அது. எடையைக் குறைக்காமல் உங்களாலும் முடிந்திருக்காது என்பது எனக்குப் புரிகிறது. அதை முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். "இந்த மாதம் முதல் ஒரு பிஸ்கட் குறைவு, விலையை ஏற்ற எங்களுக்கு மனம் வரவில்லை" என்று எழுதியிருந்தால் இந்தத் தெருவே உங்களை மதித்திருக்கும். நுகர்வோருடன் உறவு கொள்வது என்று நீங்கள் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

காலநிலையைப் பற்றி ஒன்று. மே மாதம் பிறந்ததும் உங்களிடமிருந்து மழைக்கால விளம்பரங்கள் வரும். குடை, மழைச்சட்டை, சளி மருந்து, சூடான பானம் எல்லாவற்றுக்கும் சலுகை. கொழும்பில் அப்போது தென்மேல் பருவமழை. எங்களுக்கோ கச்சான் காற்று. மண் காய்ந்து, கிணறு இறங்கி, உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கும் காலம். கடை வாசலில் உங்கள் மழைத்துளி போட்ட அட்டைப்படம் வெயிலில் சுருண்டு கிடக்கும். ஒக்டோபரில் வானம் கறுத்து, வாடைக்காற்றோடு மாரி இறங்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு மழைச்சட்டை கேட்டு வருவார்கள். அப்போது விநியோகஸ்தரிடம் சரக்கு இருக்காது, "சீசன் முடிந்துவிட்டது அக்கா" என்பார். எங்கள் சீசன் அன்றுதான் தொடங்குகிறது. பணம் புழங்கும் காலமும் அப்படியே. மாத இறுதிச் சலுகை என்பது மாதச் சம்பளக்காரருக்கு. தம்பலகாமத்து வயலில் பெரும்போகம் அறுவடையாகும் பெப்ரவரி, மார்ச்சில்தான் பல குடும்பங்கள் புதுப் பாத்திரமும் துணியும் வாங்கும். என் கடன் கொப்பியில் அதிகப் பக்கங்கள் வெட்டப்படுவதும் அந்த வாரங்களில்தான். ஓர் அட்டவணையை எல்லா மாவட்டத்துக்கும் அனுப்புவதற்குப் பதிலாக, ஒரு கடைக்காரரின் கொப்பியைப் பார்த்தால் போதும்.

விளம்பரம் என்பதை நான் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். கிண்ணியாவிலிருந்து எருமைத் தயிர் கொண்டுவரும் ஒரு நானா இருக்கிறார். 2009-இல் பாலம் திறப்பதற்கு முன், படகுப்பாதையில் ஏறி வந்த காலத்திலிருந்து எனக்கு அவரைத் தெரியும். மண்சட்டிகளை அடுக்கி, இடையில் வைக்கோல் வைத்து, ஒன்றும் உடையாமல் கொண்டுவருவார். புதிய ஆள் யாராவது, "நானா, தயிர் கெட்டியா?" என்று கேட்டால் அவர் வாய் திறந்து பதில் சொல்வதில்லை. சட்டியின் மேலிருக்கும் தாளை அவிழ்ப்பார். சட்டியை இரண்டு கையாலும் பிடித்து, கேட்டவரின் கண்ணுக்கு நேரே மெல்லச் சாய்ப்பார். மேலே கிடக்கும் ஆடை அசையாது. பிறகு தாளைக் கட்டி நீட்டுவார். பேச்சு முடிந்தது, வியாபாரமும் முடிந்தது.

அந்தச் சட்டியையும் கொஞ்சம் யோசியுங்கள். பூச்சுப் பூசாத சுட்ட மண் தயிரின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் தயிர் இறுகுகிறது. உறிஞ்சிய ஈரம் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது சட்டி குளிர்கிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் தயிர் அன்றைக்குப் புளிக்காமல் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அடியில் ஒரு துளை போட்டு, கறிவேப்பிலைக் கன்றோ கற்றாழையோ நடுவார்கள். பொதி என்பது பொருளைச் சுமப்பது மட்டுமன்று, பொருளை இன்னும் நல்லதாக்கவும் முடியும் என்பதை ஒரு குயவரும் ஒரு பட்டிக்காரரும் எந்த ஆய்வுகூடமும் இல்லாமல் செய்துகாட்டியிருக்கிறார்கள். உங்கள் பொதி வடிவமைப்பாளர்கள் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகும் முன் கிண்ணியாவுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பாண் விற்கும் முச்சக்கரவண்டியையும் அதே மரியாதையோடு சொல்ல வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் பியானோவுக்கு எழுதப்பட்ட ஒரு மெட்டு, இலங்கையில் இன்று பாணின் மெட்டு. அது தெருமுனையில் கேட்டதும் நடக்கத் தெரிந்த குழந்தையெல்லாம் வாசலுக்கு வரும். பெயர்ப்பலகை தேவையில்லை, மூன்று மொழியும் தேவையில்லை. வரும் நேரம் தவறாததுதான் அதன் பலம்.

மொழியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஒரு தரை கழுவும் திரவம் வந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை சரியாக இருந்தது. தமிழில், "குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கவும்" என்று இருந்தது. எட்டாத இடம் என்பது எட்டும் இடம் ஆகிவிட்டது. ஒரு இளம் தாய்தான் வாசித்துவிட்டு, "ஏன் அக்கா இப்படிப் போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டாள். அவள் இடுப்பில் தவழும் வயதுக் குழந்தை. அன்றிரவு கடையைப் பூட்டிய பிறகு, இருந்த இருபத்துநான்கு போத்தலிலும் அழியாத பேனாவால் 'எட்டாத' என்று திருத்தி எழுதினேன். நிறுவனத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் போட்டேன். தொடர்புகொண்டதற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. அடுத்த பெட்டியும் அதே எழுத்தோடு வந்தது. மறுபடியும் பேனாவை எடுத்தேன். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் 1987-இல் சேர்க்கப்பட்டது. நான் சட்டத்தைச் சுட்டிக்காட்டி உங்களை மிரட்ட வரவில்லை. அச்சுக்குப் போகும் முன், தமிழில் வாசிக்கத் தெரிந்த ஒரு தாயிடம் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கட்டடத்திலேயே நிச்சயம் ஒருத்தி இருப்பாள்.

இன்னொன்று. சிவராத்திரிக்குப் பின் கோணேசர் நகர்வலம் வரும் நாள்களில் எங்கள் தெருக்களில் வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைப்பார்கள், சந்திக்குச் சந்தி தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி எங்கள் வீட்டுக்கும் வரும். வெசாக்கில் தன்சல் என்னும் இலவச உணவுப் பந்தல் வைப்பவர்கள் வழியில் போகும் பஸ்ஸை மறித்து, எல்லாரையும் இறக்கி உபசரிப்பார்கள். இந்த மூன்றிலும் கொடுப்பவர், வாங்குபவரின் பெயரைக் கேட்பதில்லை. சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தினர் எங்கள் சந்தியில் குளிர்பானம் இலவசமாகக் கொடுத்தார்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதினால்தான் போத்தல். வெயிலில் நடந்துவந்த ஒரு முதியவர் வரிசையில் நின்று, தன்னிடம் தொலைபேசி இல்லை என்று சொன்னதும் அவரை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்துப் பந்தலுக்குப் போய் மோர் வாங்கிக் குடித்தார். அந்தப் பந்தலுக்குச் சீனியும் எலுமிச்சையும் வாங்கிக் கொடுத்த கடைக்காரரின் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் அது யார் என்று இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், பத்து ரூபாய் கூடினாலும் அவரிடமே போகிறவர்களையும் எனக்குத் தெரியும். என் வாடிக்கையாளர்களும் அதில் அடக்கம்.

ஆகவே உங்களை அழைக்கிறேன். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடியும் வேளைக்கு எங்கள் ஊருக்கு வந்துவிடலாம். கடை ஐந்தரைக்குத் திறக்கும். மேசைக்கு உட்புறம் ஒரு ஸ்டூல் இருக்கிறது, அதில் இருந்துகொள்ளுங்கள். பதாகை வேண்டாம், படிவம் வேண்டாம். ஒரு கொப்பியும் பேனாவும் போதும். ஆறு மணிக்குப் பாண் வண்டி வரும். அதன் பின் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின் வேலைக்குப் போகிறவர்கள். யார் எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள், எந்த உறையைப் பல்லால் கடித்துத் திறக்கிறார்கள், எந்த எழுத்தை என்னிடம் நீட்டி வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். மத்தியானம் என் வீட்டுச் சாப்பாடு.

காலை ஏழு மணியளவில் வள்ளங்கள் கரைக்குத் திரும்பும். வெறும் பை கேட்ட அந்த மீனவர் தேநீருக்குத் தேயிலையும் சீனியும் வாங்க வருவார். பையை மேசையில் வைத்து, டியூப் வளையத்தைக் கழற்றி, தொலைபேசியை வெளியே எடுத்து முதலில் வீட்டுக்கு அழைத்துப் பேசுவார். பேசி முடிக்கட்டும். பிறகு உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறதா, எந்த மடிப்பில் முதலில் கிழிகிறது, ஒரு பை எத்தனை இரவு தாங்குகிறது என்று அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சில்லறைக் கடைக்காரி,
திருகோணமலை.